புளியங்கொட்டையும் கடுகும் போதும்: ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அணு அமைப்பைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

அணு அமைப்புப் பாடத்தைப் பெரும்பாலும் எல்லோரும் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நடுவில் ஒரு உருண்டை, சுற்றி இரண்டு மூன்று வட்டம், வட்டத்தின் மேல் புள்ளிகள். நானும் பல வருடம் அப்படித்தான் போர்டில் வரைந்தேன். பிள்ளைகள் காம்பஸ் வைத்து அழகாக வரைந்து கலர் கூட அடிப்பார்கள், அப்புறம் "சோடியத்தில் எத்தனை நியூட்ரான்?" என்று கேட்டால் படத்திலிருக்கும் புள்ளிகளை எண்ணப் பார்ப்பார்கள், புள்ளி என்பது எலக்ட்ரான் என்பதே நினைவில் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் எண்ணிக்கை. எண்ணத் தெரிந்த பிள்ளை படத்தைத் தானே வரைந்துவிடும்.

நான் டியூசன் எடுப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைப் பக்கம். ரோட்டைப் பிடித்துக் கொஞ்சம் போனால் பாறசாலை, அது கேரளம். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்காரும் பிள்ளைகளில் தமிழ் மீடியம் உண்டு, இங்கிலீஷ் மீடியம் உண்டு, மலையாள மீடியமும் உண்டு, ஒரே வீட்டு அக்கா தம்பியே வேறு வேறு மீடியத்தில் படிப்பதும் உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்தச் சொல் சிக்கலைத்தான். ஒரே வகை அணுவால் ஆன பொருளைத் தமிழில் தனிமம் என்கிறோம், மலையாளத்தில் அது மூலகம். தமிழில் மூலக்கூறு என்றால் அணுக்கள் சேர்ந்த துகள், மலையாளத்தில் அதற்குத் தன்மாத்ர என்று பெயர். மூலகமும் மூலக்கூறும் காதில் எவ்வளவு பக்கத்தில் விழுகின்றன பாருங்கள். மலையாள மீடியத்திலிருந்து மாறி வந்த ஒரு பெண், ஆக்சிஜன் மூலக்கூறில் எத்தனை அணு என்ற கேள்விக்கு ஒன்று என்று எழுதிவிட்டாள். விடை இரண்டு. கேட்டதற்கு, "மூலகம்னா தனிமமாக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். அவள் நினைத்ததிலும் தப்பில்லை, இலங்கைத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில்கூடத் தனிமத்தை மூலகம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நாலைந்து சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி வைத்துவிடுங்கள். அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம். வேறு வேறு தனிமங்கள் சேர்ந்து உண்டாகும் சேர்மத்துக்கு அங்கே சம்யுக்தம். இந்த ஒரு பக்கம் எத்தனையோ மார்க்கைக் காப்பாற்றும்.

என்னென்ன வேண்டும்

புளியங்கொட்டை ஒரு அறுபது, கடுகு ஒரு சிட்டிகை, சாக்பீஸ், சிமெண்டுத் தரை. அவ்வளவுதான்.

புளியங்கொட்டையில் பாதியை எடுத்துத் தரையில் உரசி வெள்ளையாக்க வேண்டும். தாயக்கட்டைக்குப் பதிலாகக் கொட்டையை உரசி விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்; உரசிய சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற வைப்பார்கள், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். உரசாத பழுப்புக் கொட்டை புரோட்டான். அதற்கு நேர்மின் சுமை உண்டு. உரசி நிறம் போன வெள்ளைக் கொட்டை நியூட்ரான். அதற்கு மின்சுமையே கிடையாது. அளவிலும் எடையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, அதனால்தான் ஒரே கொட்டையை எடுத்தேன். (உண்மையில் நியூட்ரான் புரோட்டானைவிட ஒரு துளி எடை அதிகம். நம் கொட்டையோ உரசியதில் தேய்ந்து குறைந்திருக்கும். போகட்டும்.)

கடுகு, எலக்ட்ரான். எதிர்மின் சுமை. ஒரு புரோட்டானின் நிறைக்கு 1,836 எலக்ட்ரான் வைத்தால்தான் தராசு சமமாகும். அந்தக் கணக்குக்குக் கடுகைவிடக் கசகசா இன்னும் நெருங்கி வரும்தான், ஆனால் ஃபேன் போட்டால் எலக்ட்ரான் எல்லாம் பறந்துவிடும், கடுகே போதும்.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பக்கத்து மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கும், கடைக்காரர் நல்ல மனுஷன் என்றால், ஒரு 23 புளியங்கொட்டையைத் தட்டில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் மேல் 11 கடுகைப் போடச் சொல்லுங்கள். எண் அசையாது. நிறை எண் என்று சொல்லும்போது எலக்ட்ரானை ஏன் சேர்ப்பதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் சொன்னதில்லை.

பழுப்புக் கொட்டையை எண்ணு, பேரைச் சொல்லு

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிள்ளை மனதில் பதிய வைக்க வேண்டும் என்றால் இதுதான்: பழுப்புக் கொட்டை எத்தனை என்பதுதான் அணுவின் பெயர். ஒன்று வைத்தால் ஹைட்ரஜன். இரண்டு ஹீலியம். ஆறு கார்பன். எட்டு ஆக்சிஜன். வெள்ளைக் கொட்டையைக் கூட்டு, குறை, கடுகை ஊது, பேர் மாறாது. பழுப்பில் ஒன்றை எடுத்தால்தான் பேர் மாறும். இந்த எண்ணிக்கைக்குத்தான் அணு எண் என்று பெயர். பழுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் நிறை எண். நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் வெள்ளை எத்தனை என்று வந்துவிடும். இது ஒரு சூத்திரம் என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், மொத்தக் கொட்டையில் பழுப்பை எடுத்து வைத்தால் மீதி வெள்ளை, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் முழுக்க இதையே விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொட்டை வைக்க, இன்னொருவர் பேர் சொல்ல வேண்டும். மூன்று பழுப்பு நான்கு வெள்ளை, லித்தியம், நிறை எண் 7. இங்கேதான் முதல் தடங்கல் வரும், ஏனென்றால் ஹீலியத்தில் 2, 2 என்று பார்த்த பிள்ளை லித்தியத்திலும் 3, 3 என்று வைக்கும். இரண்டும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். சோடியம் 11 பழுப்பு, 12 வெள்ளை. அலுமினியம் 13, 14. ஆர்கான் 18, 22. கால்சியம் 20, 20.

இந்த அணு எண் சும்மா வரிசை எண் இல்லை என்பதைக் கண்டு சொன்னவர் ஹென்றி மோஸ்லி. 1913-ல் ஒவ்வொரு தனிமத்திலிருந்தும் வரும் எக்ஸ் கதிரை அளந்து பார்த்தார், அளவுகள் படிப்படியாக ஒரு ஒழுங்கில் ஏறின, அந்தப் படிதான் புரோட்டான் எண்ணிக்கை என்று பிறகு தெளிவானது. அதுவரை தனிமங்களை எடை வரிசையில் அடுக்கியவர்களுக்கு ஆர்கானும் பொட்டாசியமும் தலைவலி. ஆர்கானின் சராசரி அணு நிறை 39.95, பொட்டாசியத்துடையது 39.10. எடைப்படி பார்த்தால் பொட்டாசியம் முன்னால் வர வேண்டும், குணத்தைப் பார்த்தால் ஆர்கான்தான் முன்னால். பழுப்புக் கொட்டையை மட்டும் எண்ணினால் 18, 19, சண்டையே இல்லை. மோஸ்லி முதல் உலகப் போரில் 1915-ல் கலிப்போலியில் சுடப்பட்டு இறந்தபோது வயது 27. இதைச் சொன்னால் பின் வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பையன்கூட ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவான்.

அடுத்தது ஐசோடோப்பு. கொட்டை கையில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. 17 பழுப்பு வைத்து, 18 வெள்ளை சேர்த்தால் குளோரின் 35. அதோடு இன்னும் இரண்டு வெள்ளை வைத்தால் குளோரின் 37. பேர் அதே, எடை வேறு. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 35, ஒரு பங்கு 37. பாடப் புத்தகத்தில் குளோரினின் அணு நிறை 35.5 என்று போட்டிருப்பதைப் பார்த்து, "அரை நியூட்ரான் எப்படி டீச்சர்?" என்று கேட்காத வகுப்பே கிடையாது. நூறு குளோரின் அணுவை எடுத்துக்கொள்ளுங்கள். 75 பேர் 35 வீதம் 2,625. 25 பேர் 37 வீதம் 925. கூட்டினால் 3,550, நூறால் வகுத்தால் 35.5. ஒரு கூறு மீனில் பெரியதும் சிறியதும் கிடக்கும், சராசரி எடையில் அச்சாக ஒரு மீனும் இருக்காது, அந்த மாதிரி.

ஐசோபார் இதற்கு நேர் எதிர். மொத்தக் கொட்டை ஒன்று, பழுப்பு வேறு. ஆர்கான் 40, பொட்டாசியம் 40, கால்சியம் 40. இவற்றில் பொட்டாசியம் 40 நம் ஏத்தம்பழத்திலும் துளியூண்டு இருக்கிறது, பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில். அது கதிரியக்கம் உள்ளது. பயப்பட ஒன்றுமில்லை, பழம்பொரி தின்னலாம்.

கடுகை எங்கே வைப்பது

இப்போது சாக்பீஸை எடுங்கள். கொட்டைக் குவியல்தான் அணுவின் நடுவில் இருக்கும் உட்கரு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். முதல் வட்டத்தில் 2 கடுகு, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8, நான்காவதில் மீதி. முதல் இருபது தனிமத்துக்கு இந்தக் கணக்கு போதும். எத்தனை பழுப்புக் கொட்டையோ அத்தனை கடுகு. நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருந்தால் அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை.

புத்தகத்தில் 2n² என்று ஒரு விதி இருக்கும், n என்பது எத்தனையாவது வட்டம் என்ற எண். 2, 8, 18, 32. அது ஒரு கூட்டில், அதாவது நாம் போட்ட ஒரு வட்டத்தில், அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான் கொள்ளும் என்ற விதி. மூன்றாவது கூட்டில் 18 கொள்ளும் என்று படித்த பிள்ளை பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதும், எழுதத்தான் செய்யும், விதியை அப்படியே நம்பினால் வேறென்ன எழுதுவது? கடைசிக் கூட்டில் எட்டுக்கு மேல் நிற்காது என்ற இரண்டாவது விதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. பரீட்சைத் தாளில் சிவப்பு மை அதிகம் விழும் இடம் இதுதான்.

கூடுகளுக்குக் கே, எல், எம், என் என்று பெயர். ஏன் ஏ, பி, சி இல்லை என்று யாராவது கேட்டால் தட்டிக் கழிக்காதீர்கள், நல்ல கதை ஒன்று இருக்கிறது. சார்லஸ் பார்க்லா எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தபோது இரண்டு வகை கண்டார். இதற்கு முன்னால் இன்னும் வகைகள் இருக்கலாம், யாராவது கண்டுபிடித்தால் வைக்க எழுத்து வேண்டுமே என்று நடுவிலிருந்து கே, எல் என்று பெயர் வைத்தார். கே-வுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பந்தியில் முன் வரிசையைப் பெரியவர்களுக்கென்று விட்டுவைத்து, யாருமே வராமல் இலை காய்ந்த கதை. பொட்டாசியத்தின் குறியீடும் கே என்பதையும் சொல்லி வையுங்கள், அது லத்தீனில் கேலியம் என்ற பெயரிலிருந்து வந்தது, இந்தக் கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசிக் கூட்டில் இருக்கும் கடுகுதான் அணுவின் நடத்தையை முடிவு செய்கிறது. சோடியத்தையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் போடுங்கள். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. ஒருவனிடம் ஒன்று கூடுதல், இன்னொருவனுக்கு ஒன்று குறைவு. பிள்ளையின் விரலாலேயே அந்த ஒரு கடுகை இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இப்போது சோடியத்தில் பழுப்பு 11, கடுகு 10. ஒரு நேர்மின் மிச்சம். குளோரினில் பழுப்பு 17, கடுகு 18. ஒரு எதிர்மின் மிச்சம். இரண்டும் அயனி ஆகிவிட்டன, இழுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். தனியாக இருந்தால் சோடியம் தண்ணீரில் விழுந்து தீப்பிடிக்கும் உலோகம், குளோரின் மூச்சை அடைக்கும் விஷ வாயு. கடுகு இடம் மாறியதும் சாமித்தோப்பு உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பு. கொடுக்கவோ வாங்கவோ பகிரவோ கூடிய கடுகின் எண்ணிக்கைதான் இணைதிறன். சோடியம் 1, மெக்னீசியம் 2, அலுமினியம் 3, கார்பன் 4, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 2, குளோரின் 1, நியான் பூஜ்யம். நாலு வரை ஏறி, திரும்ப இறங்குவதைப் பிள்ளையே கவனிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

எலக்ட்ரான் கூடு விட்டுக் கூடு பாயும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா, அடுப்பங்கரைக்குப் போங்கள். உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலமாக எரியும் கேஸ் சட்டென்று மஞ்சளாகும். சூட்டில் சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் மேல் படிக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது விடும் வெளிச்சம் அது. 589 நானோமீட்டர் அலைநீளம். பழைய மஞ்சள் தெருவிளக்கும் இதே சோடியம்தான். அடுப்பைப் பெரியவர்கள் யாராவது பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளை தள்ளி நின்று பார்த்தால் போதும்.

உட்கரு எவ்வளவு சின்னது

இதுவரை தரையில் வைத்ததில் ஒரு பெரிய பொய் இருக்கிறது, அதைப் பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். கொட்டைக் குவியலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடுகு வைத்தோம். உண்மையில் அந்தத் தூரம் ரொம்பப் பெரிது. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு அதன் உட்கருவைப் போல ஏறக்குறைய 63,000 மடங்கு. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போகாத பிள்ளை எங்கள் மாவட்டத்தில் குறைவு, அதன் நீளம் சுமார் 384 மீட்டர். பாலத்தின் நட்டநடுவில் ஒரு மிளகை வைத்தால் அது உட்கரு. எலக்ட்ரான் இருப்பது பாலத்தின் ஒரு முனையில். நடுவில் வேறு ஒன்றுமே இல்லை. காற்றுகூட இல்லை, ஏனென்றால் காற்றே அணுக்களால் ஆனதுதானே.

இதை யார் கண்டார் என்பது பரீட்சைக்கு வரும். ஜே. ஜே. தாம்சன் 1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்துவிட்டு, நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான் தர்பூசணி விதை மாதிரிப் பதிந்திருக்கிறது என்றார். அவருடைய மாணவர் ரூதர்ஃபோர்டுதான் அந்தத் தர்பூசணியை உடைத்தவர். 1909-ல் மான்செஸ்டரில் கைகர், மார்ஸ்டன் இருவரையும் விட்டு, மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்பா என்ற சின்னஞ்சிறு துகள்களைப் பாய்ச்சச் சொன்னார். மார்ஸ்டனுக்கு அப்போது இருபது வயதுதான், படித்துக்கொண்டிருந்த பையன். இருட்டு அறையில் உட்கார்ந்து, திரையில் விழும் சின்னச் சின்ன மினுக்கல்களைக் கண்ணால் எண்ண வேண்டும். பெரும்பாலான துகள்கள் நேராகப் போய்விட்டன, சில கொஞ்சம் விலகின, ஆயிரக்கணக்கில் ஒன்று வந்த வழியே திரும்பியது. இரவில் தென்னந்தோப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு கல் எறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு கல் சத்தமில்லாமல் போகும். ஒன்று மட்டும் 'டக்' என்று மரத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்த ஒரு 'டக்'கை வைத்து உள்ளே கெட்டியாக ஒன்று இருக்கிறது என்று சொல்லலாம். ரூதர்ஃபோர்டு அதை 1911-ல் சொன்னார். தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான், ஆல்பாவும் நேர்மின், அதனால்தான் அது தள்ளப்பட்டது.

இதை வீட்டிலேயே விளையாடலாம். ஒரு பெரிய அட்டையை நாலு மூலையிலும் கோலி புகுந்து போகிற உயரத்துக்குத் தாங்கல் கொடுத்து வைத்து, அடியில் பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு கல்லோ தேங்காய்ச் சிரட்டையோ வைத்துவிடுங்கள். கோலிக்குண்டை உருட்டி உருட்டி, எங்கே போய் எங்கே வெளியே வருகிறது என்று பார்த்து, உள்ளே இருப்பது எங்கே, எவ்வளவு பெரிது என்று பேப்பரில் வரையட்டும். அட்டையை எடுத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். கைகருக்கும் மார்ஸ்டனுக்கும் யாரும் அட்டையை எடுத்துக் காட்டவில்லை.

அப்புறம் நீல்ஸ் போர், 1913. எலக்ட்ரான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் ஆற்றலை இழந்து உட்கருவில் விழுந்துவிட வேண்டும், விழவில்லையே ஏன் என்ற கேள்விக்கு, குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில் மட்டுமே அது இருக்க முடியும் என்றார். நியூட்ரான் கடைசியாகத்தான் வந்தது, 1932, சாட்விக். மின்சுமை இல்லாததைப் பிடிப்பது கஷ்டம். வருடங்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், வரிசை தெரிந்தால் போதும்: எலக்ட்ரான், உட்கரு, கூடு, நியூட்ரான்.

இப்போது படம் வரையலாம். வரையும்போது ஒன்றைச் சொல்லுங்கள்: நோட்டில் போடும் வட்டம் எலக்ட்ரான் ஓடும் ரோடு அல்ல, அது கணக்கு எழுதும் கோடு. மேல் வகுப்பில் போகும்போது எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று மேகம் மாதிரி வரைவார்கள். இப்போதே சூரியக் குடும்பம் மாதிரி என்று ஆணியடித்துவிட்டால் பிறகு பிடுங்க முடியாது. ஒரு நோட்ஸ் புத்தகத்தில் எலக்ட்ரானுக்குக் கண்ணும் வாயும் வைத்து ரயில் தண்டவாளத்தில் ஓட விட்டிருந்தார்கள், அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளையின் தலையிலிருந்து தண்டவாளத்தை எடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

கடப்புறத்து மணலில் முடிப்பது

பிள்ளை கொஞ்சம் கூர்மையாக இருந்தால் இந்தக் கேள்வி வரும்: "ஒரே மின்சுமை தள்ளும்னு சொன்னீங்க, அப்ப இவ்வளவு புரோட்டானும் ஒண்ணா எப்படி இருக்கு?" இது நல்ல கேள்வி. மிகப் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும் ஒரு பலமான விசை உட்கருவுக்குள் இருக்கிறது, அது புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துப் பிடிக்கிறது. நியூட்ரான் பிடிக்க மட்டும் செய்யும், தள்ளாது. புரோட்டான் கூடக் கூடத் தள்ளுகிறவர்கள் அதிகமாவதால் பிடிக்கிறவர்களும் அதிகம் வேண்டும். கால்சியத்தில் 20-க்கு 20 போதும். கனமான அணுக்களில் போதாது.

இதற்கு எங்கள் ஊரில் கைக்கு எட்டும் உதாரணம் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடப்புறத்து மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். அதில் தோரியம் இருக்கிறது. அப்போது தோரியத்துக்குப் பெரிய கிராக்கி, ஏனென்றால் பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்குகளின் மேன்டிலுக்கு அதன் ஆக்சைடு வேண்டும். இப்போது அங்கே மத்திய அரசு நிறுவனம் மணலைப் பிரித்து இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் எடுக்கிறது. இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பதற்கும் காரணம் அந்தத் தோரியம்தான். மணல் அள்ளிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், வேண்டாம். கொட்டையை வைத்தே செய்யலாம்.

தோரியத்தின் அணு எண் 90, நிறை எண் 232. வெள்ளை எத்தனை? கழித்துப் பார்த்து 142 என்று பிள்ளை சொன்னால் பாடம் ஏறிவிட்டது. 232 கொட்டை வேண்டுமே என்றால், மாசி பங்குனியில் புளி கொட்டை எடுக்கிற வீடு ஏதாவது ஒன்றில் சொல்லி வைத்தால் ஒரு பையே கிடைக்கும். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து எண்ணிக் குவித்துவிட்டு, அந்தக் குவியலையும் பக்கத்தில் கார்பனின் 12 கொட்டையையும் பார்க்கட்டும்.

இப்போது பெரிய குவியலிலிருந்து இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை, மொத்தம் நாலு கொட்டையை எடுத்துத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மிச்சம் பழுப்பு 88, மொத்தம் 228. பேர் மாறிவிட்டது, இது ரேடியம். தோரியம் தானாகவே இதைத்தான் செய்கிறது, மிக மிக மெதுவாக. ஒரு குவியல் தோரியத்தில் பாதி இப்படி மாற 1,405 கோடி வருடம் ஆகும், பிரபஞ்சத்துக்கே வயது 1,380 கோடிதான். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று ரூதர்ஃபோர்டும் ஃபிரெடரிக் சாடி என்ற வேதியியலாளரும் கண்டுபிடித்ததே தோரியத்தை வைத்துத்தான், மான்ட்ரியலில், தங்கத் தகட்டுச் சோதனைக்குச் சில வருடம் முன்னால்.

தள்ளி வைத்த நாலு கொட்டை என்ன என்று இப்போது கேளுங்கள். இரண்டு பழுப்பு என்றால் ஹீலியம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். கடுகு இல்லாத ஹீலியம், வெறும் உட்கரு. அதன் இன்னொரு பெயர்தான் ஆல்பா. தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பி வந்தது அதுதான் என்று நான் சொன்ன அன்று, பின் வரிசைப் பையன் அந்த நாலு கொட்டையையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் எண்ணும்போது 228-தான் இருந்தது.